ராகிக் கொல்லையில் ஒரு துர்பீன்: ஏழுக்கு ஐம்பது எங்கிருந்து வந்தது?

ஓசூரில் வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. தினமும் அத்திப்பள்ளி தாண்டிப் போய் வருகிற பல்லாயிரம் பேரில் நானும் ஒருத்தன். சனி ஞாயிறுகளில் மட்டும் எதிர்த் திசையில், தேன்கனிக்கோட்டைப் பக்கம், மனைவியின் ஊருக்குப் போவோம். அங்கே என் மனைவியின் பெரிய மாமாவுக்கு ஏரிக்குக் கீழே கொஞ்சம் ராகி, மேட்டில் கொஞ்சம் அவரை. கார்த்திகை பிறந்தால் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் ஜவளகிரி, தளி, நொகனூர் என்று காடு காடாக நகர்ந்து வந்து, ஊடேதுர்க்கம், சானமாவு வரை இறங்கும் காலம் அது. ராகி கதிர் முற்றும் நேரமும் அதேதான்.

சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு சாயங்காலம். சூரியன் இறங்கி இருபது நிமிஷம் இருக்கும். காட்டோரம் கிளை முறியும் சத்தம் கேட்டது. பரண் மேல் நானும் மாமாவும்.

"மாப்ளே, உங்ககிட்ட துர்பீனு இருக்குதே, எத்தனை நிக்குதுன்னு பாருங்க. ஒத்தையா, கூட்டமா?"

இந்த ஊரில் பைனாகுலருக்குத் துர்பீன் என்றுதான் பேர். பாரசீகத்தில் தூர்பீன், உருது வழியாகக் கன்னடத்துக்கு வந்து, எல்லை தாண்டி இந்தப் பக்கத் தமிழிலும் தெலுங்கிலும் உட்கார்ந்துவிட்டது. பழைய தமிழ்ப் புத்தகங்களில் தூரதிருஷ்டிக் கண்ணாடி என்று பார்த்திருப்பீர்கள்.

மாமா கேட்டது சும்மா வேடிக்கைக் கேள்வி இல்லை. கூட்டம் என்றால் தாய் யானையும் குட்டியும் இருக்கும், பட்டாசு சத்தத்துக்குப் பெரும்பாலும் ஒன்றாகத் திரும்பும். ஒற்றைக் கொம்பன் என்றால் அன்றிரவு யாரும் பரணை விட்டு இறங்கக் கூடாது, வீட்டுக்குப் போன் போட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போகாதே என்று சொல்ல வேண்டும். இந்த எல்லையில் வருஷா வருஷம் ஆட்களும் சாகிறார்கள், யானைகளும் சாகின்றன.

என்னிடம் இருந்தது 20×50. இணையத்தில் வாங்கியது. பெட்டியில் பெரிய எழுத்தில் இருபது மடங்கு என்று போட்டிருந்தது, அதிகம் என்றால் நல்லதுதானே என்று வாங்கிவிட்டேன். கண்ணில் வைத்தால் ஒரு கருப்பு வட்டம் நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் எது மரம், எது யானை என்று ஒன்றும் தெரியவில்லை. வெறுங்கண்ணால் பார்த்தபோதாவது கருப்பாக ஏதோ அசைவது தெரிந்தது.

அந்த நேரம் வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் டார்ச்சோடு வரப்பு மேல் வந்தார். கழுத்தில் ஒரு பழைய கனத்த பைனாகுலர். ரப்பர் எல்லாம் உரிந்து, ரஷ்ய எழுத்து பொறித்தது. 7×50. பரண் மேல் ஏறி அரை நிமிஷம் பார்த்தார். "ஆறு. ஒரு குட்டி. கொம்பன் இல்ல" என்று சொல்லிவிட்டு, வாக்கி டாக்கியில் பேச ஆரம்பித்துவிட்டார். நான் வாங்கிப் பார்த்தேன். காடு நன்றாகத் தெரிந்தது. வெறுங்கண்ணால் பார்ப்பதைவிட வெளிச்சம் அதிகமோ என்று தோன்றுகிற அளவுக்கு.

பொறியியல் படித்தவனுக்கு இது அவமானம். இரண்டிலும் முன்பக்கக் கண்ணாடி அதே 50 மி.மீ. ஆனால் என்னுடையதில் இருட்டு, அவருடையதில் யானை. ஏன் ஏழு? ஏன் ஐம்பது? இந்த எண்களை யார், எதற்காக முடிவு செய்தார்கள் என்று தேடத் தொடங்கியதுதான் இந்தப் பதிவு.

*

முதலில் ஊரிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் கிருஷ்ணகிரி ஜில்லா ஒரு வகையில் தூரம் பார்ப்பதற்காகவே அமைந்த நிலம். பாராமகால் என்று அன்று பெயர் பெற்ற இந்தப் பகுதியில் கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, ஜகதேவி என்று திரும்பின பக்கமெல்லாம் பாறைக் குன்று, குன்றின் மேல் கோட்டை. மேலே நிற்பவனுக்கு வருகிறவன் முதலிலேயே தெரிந்துவிடுவான். 1791 நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல்லின் கும்பினிப் படை கிருஷ்ணகிரிக் கோட்டையை இரவில் தாக்கிப் பார்த்தது. பேட்டையைப் பிடிக்க முடிந்தது, மலையைப் பிடிக்க முடியவில்லை. மேலிருந்து உருட்டிவிட்ட பாறைகளே போதுமானதாக இருந்தன.

மறு வருஷம் ஒப்பந்தம் ஆகி பாராமகால் கும்பினிக்குப் போனது. ஓசூர் திப்புவிடமே இருந்தது. அதாவது இன்று பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் கடக்கிற ராயக்கோட்டை – ஓசூர் சாலையில், 1792 முதல் 1799 வரை ஒரு நாட்டின் எல்லை இருந்தது. அந்த 1792இலேயே தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள் இந்தப் பக்கம் வந்து ராயக்கோட்டையை வரைந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் கேமரா அப்ஸ்குரா இருந்தது. லென்ஸ் வழியாக இந்தக் குன்றுகளைப் பார்த்தவர்களில் அவர்கள் முன்னோடிகள் என்று சொல்லலாம்.

1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டை வழியாக மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. கெலமங்கலத்தில் முகாம். அங்கிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம். அந்தப் படையின் 33ஆம் ரெஜிமெண்ட்டில் வில்லியம் லாம்டன் என்று ஒரு அதிகாரி இருந்தார். வயது நாற்பதுக்கு மேல், பேச்சு குறைவு, கணக்குப் பைத்தியம். (கொஞ்சம் சொந்தம் கொண்டாடத் தோன்றுகிறது.) திப்பு வீழ்ந்த பிறகு, தீபகற்பத்தைக் குறுக்காக முக்கோணம் முக்கோணமாக அளக்க வேண்டும் என்று யோசனை சொன்னவர் அவர்தான். 1800 கடைசியில் பெங்களூர் அருகே ஒரு அடிக்கோடு அளந்தார். பிறகு 1802 ஏப்ரல் 10ஆம் தேதி பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து மங்களூர் வரை முக்கோணச் சங்கிலி.

அவருக்கு லண்டனிலிருந்து வந்த தியோடலைட் அரை டன் கனம். அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டு போய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இது அறிவியல் கருவி என்று மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பியும் வைத்தார்கள். நிலமளக்கப் பயன்பட்ட சங்கிலியின் கதை இன்னும் வேடிக்கை. அது சீனச் சக்கரவர்த்திக்காக மெக்கார்ட்னி தூதுக்குழுவோடு போன சாமான்களில் ஒன்று. அங்கே யாருக்கும் தேவைப்படாமல் இந்தியாவுக்கு வந்தது.

லாம்டனின் கதையை இங்கே நிறுத்துகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பதிவு எவரெஸ்ட் சிகரத்தில் போய் முடியும். எனக்கு வேண்டியது அந்தத் தியோடலைட்டின் தொலைநோக்கி மட்டும். அதில் ஒரே குழாய்தான், ஒரு கண்ணால்தான் பார்க்க வேண்டும். அந்தக் கால அளவைக் கருவிகளில் பெரும்பாலும் பிம்பம் தலைகீழாகத்தான் தெரியும். அளப்பவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. குன்றின் மேல் நட்ட கொடி தலைகீழாகத் தெரிந்தாலும் கோணம் கோணம்தான். ஆனால் கொல்லையில் நிற்கிற யானையைத் தலைகீழாகப் பார்த்து எண்ண முடியாது. இந்தத் தலைகீழ்ப் பிரச்சனையைத் தீர்க்க முயன்றதுதான் பைனாகுலரின் முழு வரலாறும்.

*

1608இல் ஹாலந்தில் ஹான்ஸ் லிப்பர்ஷே என்ற மூக்குக்கண்ணாடி செய்பவர் தொலைநோக்கிக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். அரசு அவரிடம் முதலில் சொன்னது என்ன தெரியுமா? இரண்டு கண்ணாலும் பார்க்கிற மாதிரி செய்து கொண்டுவா என்பதுதான். செய்தும் கொடுத்தார். உரிமம்தான் கிடைக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் வேறு சிலருக்கும் வித்தை தெரிந்துவிட்டது. ஆக பைனாகுலருக்கும் தொலைநோக்கிக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

அந்த முதல் வகையை கலிலியோ வகை என்கிறோம். முன்னால் குவிலென்ஸ், கண்ணருகே குழிலென்ஸ். பிம்பம் நேராகத் தெரியும், அது லாபம். ஆனால் மூன்று, நான்கு மடங்குக்கு மேல் போனால் சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரி பார்வை வட்டம் சுருங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டு முழுக்க ராணுவ அதிகாரிகள் கழுத்தில் மாட்டிக்கொண்டதும், சீமாட்டிகள் நாடகக் கொட்டகையில் பிடித்துக்கொண்டதும் இந்த வகைதான். கெப்ளர் 1611இல் இரண்டு குவிலென்ஸ் வைக்கச் சொன்னார். பார்வை வட்டம் அகலம், மடங்கும் அதிகம் போகலாம், ஆனால் பிம்பம் தலைகீழ். நேராக்க வேண்டுமானால் நடுவில் இன்னும் லென்ஸ் சேர்க்க வேண்டும், குழாய் முழம் முழமாக நீளும். சினிமாவில் கடற்கொள்ளைக்காரன் இழுத்து நீட்டுகிறானே, அது.

இதைத் தீர்த்தவர் இக்னாசியோ போரோ என்ற இத்தாலியர். அவரும் நில அளவைக்காரர், அளவைக் கருவிகள் செய்தவர் என்று படித்தபோது எனக்கு லாம்டன் நினைவு வந்தது. 1854இல் அவர் எடுத்த உரிமம் எளிமையானது: முக்கோணப் பட்டகங்களுக்குள் வெளிச்சத்தை நான்கு முறை திருப்பிவிட்டால் பிம்பம் நிமிர்ந்துவிடும். ஒளியின் பாதை மடிந்துகொள்வதால் நீளக் குழாய் கையடக்கமாகிவிடும். யோசனை சரிதான், கண்ணாடி சரியில்லை. அந்தக் காலக் கண்ணாடியில் குமிழும் கோடும் இருந்ததால், அத்தனை தடிமனான கண்ணாடிக்குள் போய் வந்த பிம்பம் கலங்கிப் போனது.

நல்ல டிசைன், கெட்ட மெட்டீரியல். நாற்பது வருஷம் காத்திருந்தது அந்த யோசனை. ஜெர்மனியின் ஜீனா நகரத்தில் எர்ன்ஸ்ட் ஆபே, போரோவைப் பற்றித் தெரியாமலே அதே பட்டகத்தைத் தானும் யோசித்திருந்தார். 1884இல் ஓட்டோ ஷாட்டின் கண்ணாடித் தொழிற்சாலை அதே ஊரில் தொடங்கியது. குமிழ் இல்லாத, அளவு பிசகாத கண்ணாடி கிடைத்தது. 1894இல் கார்ல் சைஸ் நிறுவனத்தின் பட்டக பைனாகுலர் கடைக்கு வந்தது. பட்டகத்துக்கு ஏற்கெனவே போரோ உரிமம் எடுத்திருந்ததால், ஆபே வேறு ஒன்றுக்கு உரிமம் வாங்கினார்: முன் லென்ஸ்கள் இரண்டும் கண்களைவிட அகலமாக விலகி நிற்கும் அமைப்பு. நம் மனதில் பைனாகுலர் என்றதும் வருகிற தோள் அகன்ற உருவம் அதுதான். அப்படி விலகி நிற்பதால் ஆழம் கூடுதலாகத் தெரியும். மரத்துக்கு முன்னால் யானையா, பின்னால் யானையா என்று பிரித்துச் சொல்ல இது உதவுகிறது.

*

இப்போது என் கேள்விக்கு வருகிறேன்.

1910இல் சைஸ் நிறுவனம் பினாக்டார் என்ற பெயரில் 7×50 ஒன்றைக் கொண்டுவந்தது. கடலில், இரவில் பார்ப்பதற்கான கணக்கு அது. 50ஐ 7ஆல் வகுத்தால் 7.1. பைனாகுலரின் பின்பக்கத்திலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் 7.1 மி.மீ. என்று அர்த்தம். இளைஞன் ஒருவனின் கண்பாவை நல்ல இருட்டில் ஏறக்குறைய 7 மி.மீ. விரியும். குழாய் தருகிற வெளிச்சமும் கண் வாங்குகிற அளவும் பொருந்திவிடுகின்றன. ஏழு மடங்கு என்பது ஆடுகிற கப்பலில் கை நடுக்கம் தாங்கும் அளவு. ஏழையும் ஏழையும் பெருக்கினால் 49, அதை முழுசாக்கினால் ஐம்பது. இவ்வளவுதான் ரகசியம்.

என் 20×50இல் 50ஐ 20ஆல் வகுத்தால் 2.5. உச்சி வெயிலில் கண்பாவையே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், அப்போது வித்தியாசம் தெரியாது. அந்தி வேளையில் கண்பாவை 6 மி.மீ. விரிந்து காத்திருக்கும்போது இது 2.5 மி.மீ. ஒளியைத்தான் கொடுக்கும். பரப்பளவில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வெளிச்சம்தான். பார்வை வட்டமும் அப்படித்தான். 7×50இல் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 120 மீட்டர் அகலம் தெரியும், 20 மடங்கில் சுமார் 50 மீட்டர். நடுக்கம் மூன்று மடங்கு. யானைக் கூட்டம் எப்படித் தெரியும்?

இதில் ஒரு எதிர்வாதம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தி எண் என்று ஒரு சூத்திரம் இருக்கிறது: மடங்கையும் லென்ஸ் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதன்படி 7×50க்கு 18.7, என் 20×50க்கு 31.6. காகிதத்தில் என்னுடையதுதான் ஜெயிக்கும்! விளம்பரத்தில் அதைத்தான் போடுவார்கள். ஆனால் அந்தச் சூத்திரத்துக்குக் கை நடுங்காது, கண்ணாடியின் தரமும் தெரியாது. பரண் மேல் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது.

1914 வந்தபோது இந்தக் கண்ணாடியின் அருமை உலகத்துக்குத் தெரிந்தது. பிரிட்டனின் ஒளியியல் கண்ணாடியில் பெரும்பகுதி ஜெர்மனியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சண்டை அவர்களோடேயே. வீட்டில் பைனாகுலர் வைத்திருப்பவர்கள் ராணுவத்துக்குக் கொடுங்கள் என்று லார்ட் ராபர்ட்ஸ் பொதுமக்களிடம் வேண்டுகோள் விட்டார். 1915இல், ரப்பருக்குப் பதிலாக பைனாகுலர் என்று எதிரியோடேயே சுவிட்சர்லாந்து வழியாகப் பேச்சு நடந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அமெரிக்காவும் போரில் இறங்கிய பிறகு, கடற்படைக்குக் கண் கொடுங்கள் என்று ஒரு இயக்கம் நடந்தது. அனுப்பியவர்களுக்கு வாடகை ஒரு டாலர். அதை முன்னின்று நடத்தியவர் அப்போது கடற்படைத் துறையின் உதவிச் செயலராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். நம் பக்கம் 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் வந்து சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் ரேடார் கிடையாது. இருட்டில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளின் கண்ணும் கையிலிருந்த கண்ணாடியும்தான் எல்லாம்.

அடுத்த பெரிய மாற்றம் வெளியே தெரியாதது. கண்ணாடியில் வெளிச்சம் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒவ்வொரு பரப்பிலும் நான்கைந்து சதவீதம் திரும்பிப் போய்விடும். ஒரு குழாயில் பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, லென்ஸ் மேல் மெல்லிய பூச்சு போட்டு இந்த இழப்பைக் குறைத்தார். பழைய பைனாகுலரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரிகிற நீலச் சாயல் அந்தப் பூச்சுதான். இன்று மலிவுப் பொருள்களில் பளீரென்று சிவப்பாக ஒரு பூச்சு வருகிறது, ரூபி என்பார்கள். பார்க்க ஜோராக இருக்கும். சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு மிச்சத்தைத் தரும், காடே பச்சை நீலமாகத் தெரியும். என் இருபது மடங்கு மகாராஜாவுக்கும் அதுதான் இருந்தது.

இரண்டாம் போர் முடிந்ததும் ஜீனா நகரத்தை முதலில் பிடித்த அமெரிக்கர்கள், சைஸ் நிறுவனத்தின் எண்பதுக்கும் மேற்பட்ட நிபுணர்களைத் தங்களோடு மேற்கே கூட்டிப் போனார்கள். பின்னால் வந்த சோவியத்துகள் 1946–47இல் இயந்திரங்களைக் கழற்றி ரயிலில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் சோவியத் தொழிற்சாலைகள் சைஸ் அச்சிலேயே பைனாகுலர்களைச் செய்து தள்ளின. அந்தக் காவலரின் கழுத்தில் தொங்கியதும் அந்த வம்சம்தான். கடற்படைக்காகப் போட்ட கணக்கு, இரண்டு போர் பார்த்துவிட்டு, கடலே இல்லாத தேன்கனிக்கோட்டையில் ராகி காக்க வந்திருக்கிறது.

நம் நாட்டிலும் இந்தத் தொழில் உண்டு. டேராடூன் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி 1943லிருந்து ராணுவத்துக்காகச் செய்கிறது. மசூலிப்பட்டணத்தில் 1925இல் தொடங்கிய ஆந்திரா சயின்டிஃபிக் கம்பெனி 1983இல் பாரத் எலக்ட்ரானிக்ஸோடு சேர்ந்தது. ஆனால் கடையில் போய் நாம் வாங்குகிற மாதிரி அவை பெரிதாக வரவில்லை. கைக்கடிகாரமும் ஐபோன் பாகமும் செய்கிற ஓசூரில் ஒரு பைனாகுலர் தொழிற்சாலை வராதது எனக்கு ஒரு குறைதான்.

*

பறவை பார்ப்பவர்களின் கதை வேறு வழியில் போனது. 1840களில் சென்னையில் ஜெர்டன் இந்தியப் பறவைகளைப் பற்றிப் படங்களோடு புத்தகம் போட்டபோது, பறவையைப் பார்ப்பது என்றால் சுட்டு எடுத்துக் கையில் வைத்துப் பார்ப்பது. வேறு வழியும் இல்லை. நான்கு மடங்குக் கண்ணாடியில் கதிர்க்குருவியை அடையாளம் சொல்ல முடியாது. பட்டக பைனாகுலர் வந்து ஏழு வருஷத்தில், 1901இல், எட்மண்ட் செலூஸ் என்ற ஆங்கிலேயர் பறவை நோக்கல் என்ற அர்த்தத்தில் தலைப்பு வைத்து ஒரு புத்தகம் எழுதினார். சுடாதே, பார் என்பது அவர் கட்சி. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 1941இல் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் வந்தபோது, சாதாரண ஆள் புதரோரம் நின்று பார்த்தே பெயர் சொல்லலாம் என்ற நிலை வந்துவிட்டது.

இவர்களுக்கு இரவு முக்கியமில்லை, கனம் முக்கியம். 7×50 சுமார் ஒரு கிலோ. காலை முழுக்கக் கழுத்தில் தொங்கினால் மத்தியானம் பிடரி சொல்லும். 1964இல் சைஸ் கொண்டுவந்த கூரைப் பட்டக வகை நேர்க்குழாயாக, ஒல்லியாக இருந்தது. அதில் பிம்பக் கூர்மை ஒரு மாற்றுக் குறைவு. ஒளி அலைகள் கட்டம் தப்புவதால் வரும் குறை. 1988இல் அதற்கும் ஒரு பூச்சு கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம் உலகம் முழுக்கப் பறவைக்காரர்கள் 8×42க்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. காலை ஆறு மணிக்கும் போதும், மாலை ஆறு மணிக்கும் ஏறக்குறையப் போதும்.

ஏறக்குறைய என்று சொன்னதில் என் வயதும் இருக்கிறது. கண்பாவை வயதாக ஆக விரிவது குறையும். இருபது வயதில் 7 மி.மீ. என்றால் ஐம்பதில் 5 சொச்சம்தான். அதாவது எனக்கு இப்போது 7×50 கொடுத்தாலும் அதன் முழு வெளிச்சமும் உள்ளே போகாது. ஆளாளுக்கு வித்தியாசம் உண்டு என்றாலும், நாற்பது தாண்டியவர்கள் கடைக்காரர் சொல்கிற 7 மில்லிமீட்டருக்குக் கூடுதல் காசும் கனமும் கொடுக்கும் முன் யோசிக்கலாம். ஆனாலும் ஒரு வசதி இருக்கிறது. வரும் ஒளிக்கற்றை அகலமாக இருந்தால் கண் கொஞ்சம் விலகினாலும் படம் மறையாது. பரண் ஆடும்போது இது தெரியும்.

ஆகவே எதற்கு எது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு தூரம் நடந்து என்று முதலில் சொல்லுங்கள். கெலவரப்பள்ளி அணைக்கோ ராமநாயக்கன் ஏரிக்கோ பறவை பார்க்கப் போகிறீர்களா, 8×42. தண்ணீர் விரிந்து கிடக்கிற கிருஷ்ணகிரி அணையில் தூரத்து நீர்ப்பறவை வேண்டுமானால் 10×42. பத்துக்கு மேல் கையில் நிற்காது, ஸ்டாண்டு வேண்டும். (கெலவரப்பள்ளியில் தென்பெண்ணை நுரை பொங்கி வருகிற நாளில் எந்தக் கண்ணாடியும் வேண்டாம், மூக்கே சொல்லிவிடும்.) ராயக்கோட்டையோ கிருஷ்ணகிரி மலையோ ஏறுகிறவர்களுக்கு 8×32, பாக்கெட்டில் போட வேண்டுமென்றால் 8×25. வெயில் நேரத்தில் அது போதும், அந்தியில் அடம் பிடிக்கும். நட்சத்திரத்துக்கு 10×50 நல்லது, ஆனால் ஓசூர் மொட்டை மாடியில் இல்லை. பெங்களூர் வெளிச்சத்தில் வானமே சாம்பல். ஒளிக்கற்றை அகலமானால் அந்தச் சாம்பலும் சேர்ந்து பிரகாசமாகும். காவலூர் வானாய்வகத்துக்காக ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் காரணம் இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு அமாவாசைக்குப் போய்ப் பாருங்கள்.

வாங்கும்போது கடையிலேயே ஒரு நிமிஷ வேலை. கையை நீட்டி, பைனாகுலரைக் கண்ணிலிருந்து தள்ளி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கண் பக்க லென்ஸ் நடுவில் வெளிச்ச வட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம் மாதிரி இருந்தால் பட்டகத்தில் சிக்கனம் செய்திருக்கிறார்கள். அடுத்து தெருவில் ஒரு மின்கம்பியைப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணுக்கும் கம்பி ஒன்றாகச் சேரச் சிரமப்பட்டால் குழாய்கள் நேர்கோட்டில் இல்லை, தலைவலி நிச்சயம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே 15, 16 மி.மீ. விலகல் தருகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். வலது கண் பக்கம் தனியாக ஒரு திருகு இருக்கும். முதலில் இடது கண்ணால் மட்டும் பார்த்து நடுத்திருகைச் சரிசெய்து, பிறகு வலது கண்ணுக்கு அந்தத் தனித்திருகை. இதை ஒரு தடவை செய்தால் போதும். என் நண்பர்களில் பாதிப்பேர் வாங்கி வருஷங்கள் ஆகியும் செய்யவில்லை. கண்ணாடி சரியில்லை என்று கண்ணாடியைத் திட்டுகிறார்கள்.

போனில்தான் ஜூம் இருக்கிறதே என்பவர்களுக்கு: பகலில் சரி. அந்தியில் போன் தருவது அது ஊகித்து வரைந்த படம். ஊகத்தை நம்பி வரப்பில் இறங்காதீர்கள். பைனாகுலர் இருக்கிறது என்று யானைக்குக் கிட்டே போவதும் அதே அளவு முட்டாள்தனம். கிட்டே போகாமல் இருக்கத்தான் அது.

*

அந்த 20×50 இப்போது பையனிடம் இருக்கிறது. ஸ்டாண்டில் வைத்து நிலாவின் பள்ளங்களைப் பார்க்கிறான், அதற்கு அது பரவாயில்லை. நான் ஒரு 8×42 வாங்கிக்கொண்டேன். மாமாவுக்காக, பெங்களூரில் ஒரு பழைய சாமான் கடையில் தேடி, ரஷ்ய எழுத்து பொறித்த 7×50 ஒன்றையும் பிடித்தேன். இடது குழாயில் கொஞ்சம் பூஞ்சை இருந்தது. கழற்றித் துடைக்கும்போது ஒரு பட்டகம் நகர்ந்து, அதைத் திரும்ப நேராக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது. அவர் கண்பாவைக்கு 7×50 கணக்குப்படி வீண் என்று விளக்கிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "அதெல்லாம் இருக்கட்டும் மாப்ளே, எனக்கு இதுலதான் தெரியுது" என்று கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

நேற்று ராத்திரி போன். சானமாவுப் பக்கம் கூட்டம் வந்துவிட்டதாம். சனிக்கிழமை வரும்போது அந்தக் கண்ணாடியின் வார் ஒன்று புதிதாக வாங்கி வரச் சொன்னார். பழைய தோல் அறுந்துவிட்டதாம்.